மூன்று விரல் உயர்ந்த வண்டியில் சொர்க்கவாசலுக்கு

கனடாவுக்கு வருவதற்கு என் மனைவி அலமேலு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வைகுண்ட ஏகாதசியன்று அவள் சொர்க்கவாசல் வழியாகப் போயாக வேண்டும். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். வெள்ளத்தில் பஸ் ஓடாத வருஷம் மன்னார்குடிக்கு டிராக்டரில் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

"அங்க கோயில் இருக்கா, பெருமாள் இருக்காரா, வடக்குப் பக்கம் ஒரு வாசல் இருக்கா, கேட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா நீங்க மட்டும் போய் மகளைப் பார்த்துட்டு வாங்க" என்றாள்.

மகள் பத்மாவிடம் போனில் கேட்டேன். மூன்றும் இருக்கிறது என்றாள். உடனே அலமேலுவைப் பெருமாள் சந்நிதிக்கு அழைத்துப் போய், துளசி கையில் இருக்கும்போதே, "அந்த வாசல்ல உன்னை நடக்க வைக்காம திருப்பிக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. ஆனால் சந்நிதியில் சொன்னால் சொன்னதுதான்.

மகளும் மாப்பிள்ளை செந்திலும் சாஸ்கட்டூன் என்ற ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் அலமேலு ஜன்னலிலேயே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். மலை இல்லை, மேடு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயல். தஞ்சாவூர் ஜில்லாவை இழுத்து நீட்டி, வரப்பையெல்லாம் அழித்துவிட்டு, மேலே சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது.

"நடவு எப்பங்க?" என்றாள்.

"இது நெல்லு இல்ல அத்தை, கோதுமை. பனி உருகினப்புறம் விதைப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

"அதுவரைக்கும் என்ன பண்ணுவாங்க?"

"பனியை வாருவாங்க."

இந்த ஊரில் ராத்திரி வண்டியை நிறுத்தினால் அதன் மூக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சுவரில் இருக்கும் மின்சாரத்தில் சொருக வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் உறைந்துவிடுமாம். தெரு முழுக்க வண்டிகள் கயிறு கட்டின மாடுகள் போல வரிசையாக நின்றன. தீனி போடுவது ஒன்றுதான் குறை.

மாப்பிள்ளையின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கார் மாதிரியும் இருக்கும், வேன் மாதிரியும் இருக்கும். முன்பாதி சாதாரணக் கார். பின்னால் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை அப்படியே நீண்டு போய், கடைசியில் மேல்நோக்கித் திறக்கும் ஒரு பெரிய கதவில் முடியும். ஸ்டேஷன் வேகன் என்கிறார்கள். இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு கன்றுக்குட்டியும் தாராளமாக வைக்கலாம். ஆனால் தரையோடு தரையாக இருக்கும்.

அந்தத் தாழ்ச்சிதான் மூன்றாம் நாள் எங்கள் காலை வாரியது. கோயில் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கிராமத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் காற்று கொண்டுவந்து குவித்த பனிமேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துகொண்டது. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஆமையைத் திருப்பிப் போட்டால் கால் ஆடுமே, அந்த மாதிரி.

ஒரு வெள்ளைக்கார விவசாயி டிராக்டரில் வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். போகும்போது வண்டியின் தலையில் தட்டி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சொன்னாரு மாப்ள?"

"'நல்ல வண்டி தம்பி, கோடைகாலத்துக்கு'ன்னாரு மாமா."

அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏகாதசி அன்னிக்கு இப்படி மாட்டிக்கிட்டா? பெருமாள் டிராக்டரா அனுப்புவாரு?" கண் கலங்கியிருந்தது.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். கராஜில் போர்வை போட்டு மூடியிருந்ததை விலக்கிக் காட்டினார். நாலு புது டயர். பனிக்கென்றே செய்தது. தடித்த பட்டை, ஆழமான பள்ளம், பழைய டயரைவிட நல்ல உயரம். "போன மாசமே வாங்கிட்டேன் மாமா. மாட்டினா உள்ள உரசுது. ஸ்பிரிங்குக்கு மேல கட்டை வச்சு வண்டியை ஒசத்தணும். பத்மாதான் வேணாங்குறா. லாரி மாதிரி ஆயிடுமாம்."

கூடத்திலிருந்து அலமேலுவின் குரல் வந்தது. "ஒசத்துங்க."

மாப்பிள்ளை உடனே பட்டறைக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனோம். நடத்துபவர் அதிராம்பட்டினத்துக்காரர், காதர் பாய். உலகத்தின் அந்தக் கோடியில், எண்ணெய் படிந்த குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக ஒருவர் வந்து "வாங்கண்ணே, மன்னார்குடியா? ஒத்தத் தெருவுல என் மச்சான் கடை வச்சிருந்தாரு" என்று கையைப் பிடித்தால் யாருக்குத்தான் மனசு உருகாது? எனக்குப் பெருமாளே பாய் வேஷத்தில் வந்த மாதிரி இருந்தது. சொன்னேன். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே, நான் பில்லு போடணும்ல" என்று சிரித்தார்.

வண்டியைத் தூக்கும் மேடையில் ஏற்றினார். அடியில் பார்த்தால் ஒரே துரு. சாலையில் பனி உருகுவதற்கு உப்புப் போடுகிறார்களாம். வேதாரண்யத்தில் அள்ளுவதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் போலும். போல்ட் ஒவ்வொன்றும் கழற்ற வராமல் முரண்டு பிடித்தது. பாய் ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகித் தொங்கினார். மாப்பிள்ளையும் சேர்ந்து தொங்கினார். நானும் போய்த் தொங்கினேன். டெல்டா ஜில்லாவே தொங்கின பிறகுதான் முதல் போல்ட் "கிரீச்" என்றது.

"நாகப்பட்டினத்துக்காரருக்குக் கையில பலம் இல்லையே தம்பி" என்றார் பாய், மாப்பிள்ளையின் சொந்த ஊரைச் சீண்டி.

"நீங்க விலகி நில்லுங்க பாய், உங்க அதிராம்பட்டினத்து வயிறு இடிக்குது" என்றார் மாப்பிள்ளை.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் தெரிந்தது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாக வெளியே எடுத்து, தலைப்பக்கம் மூன்று விரல் தடிமனில் ஒரு அலுமினியக் கட்டையை வைத்து, நீளமான போல்ட் போட்டு மறுபடி முடுக்குவது. நாலு மூலையிலும் அதே. நம் ஊரில் சேற்றில் இறக்க டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோமே, அது மாதிரி ஒரு சமாச்சாரம். இதைச் சொன்னதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதேதாண்ணே! சேறு அங்க கறுப்பு, இங்க வெள்ளை."

புது டயரை மாட்டிவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பினார். "கரகர" என்று சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக்கில் உரசியது. பாய் கத்தியை எடுத்து, வாழை இலையின் நுனியைக் கழிக்கிற மாதிரி அந்த ஓரத்தை நறுக்கிப் போட்டார். மறுபடி திருப்பினார். சத்தம் இல்லை. பிறகு சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்தார்.

மத்தியானம் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. நான் தயங்குவதைப் பார்த்து, "மார்கழின்னு எனக்குத் தெரியாதாண்ணே? தக்காளிச் சோறுதான். தனிப் பாத்திரத்துல செய்யச் சொன்னேன்" என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது பாய் மாப்பிள்ளையிடம் கறாராகச் சொன்னார். "தம்பி, வண்டி ஒசந்திருக்கு. வளைவுல அவசரப்படாதீங்க. கொஞ்சம் ஓட்டினப்புறம் கொண்டாங்க, எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை முடுக்கணும்." என் பக்கம் திரும்பி, "வேற ஒண்ணும் பண்ண வேணாம்ணே" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வழியில் காபி வாங்கிக் கொடுத்தார் மாப்பிள்ளை. இங்கே காபி வாளியில் கொடுக்கிறார்கள். கூடவே நடுவில் ஓட்டை போட்ட வடை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமேலுவிடம் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "பாவம், உப்புப் போடுறதுக்குப் பதிலா சர்க்கரையைப் போட்டுட்டான். யாரும் அவன்கிட்ட சொல்லலையா?" என்றாள்.

வண்டி கம்பீரமாக நின்றது. அலமேலு சுற்றி வந்து பார்த்தாள். கதவைத் திறந்தாள். காலைத் தூக்கினாள். கால் பாதிதான் எழும்பியது. அவளுக்கு முழங்கால் வலி. மாப்பிள்ளை உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, "தள்ளாதீங்க! எல்லாரும் பாக்கிறாங்க!" என்று அவள் கத்த, தெருவில் அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் பத்மா.

ஏகாதசிக்கு முந்தின நாள் முழுக்கப் பனி பெய்தது. மறுநாள் பளிச்சென்று தெளிந்தது, ஆனால் குளிர் மைனஸ் முப்பது. கோயிலில் எட்டு மணிக்குத்தான் வாசல் திறப்பு. இங்கே அப்போதுதான் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். நான் வழக்கம் போல் முன்னதாக எழுந்து குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, வாசல் விளக்கு வெளிச்சத்தில் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

புது டயர் போட்டிருக்கிறது. வண்டியின் உயரமே மாறியிருக்கிறது. சொர்க்கவாசலுக்குப் போகப் போகிறது. பூஜை போடாமல் எப்படி எடுப்பது? சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். ஆனால் வண்டி முழுக்க உப்பும் சேறும் அப்பியிருந்தது. குளிக்காத வண்டிக்குச் சந்தனம் வைப்பது எந்த ஊர் வழக்கம்? டிராக்டராக இருந்தாலும், சைக்கிளாக இருந்தாலும், வீட்டில் நான் அலம்பாமல் பொட்டு வைத்ததில்லை.

குளிராயிற்றே என்று வெந்நீராகவே பிடித்தேன். அந்த அளவுக்கு யோசித்தேன். மின்சார வயரைக் கழற்றியும் வைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முன்பக்கம், இரண்டு பக்கக் கதவுகள், நாலு சக்கரம் எல்லாவற்றிலும் வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன். ஆவி குபுகுபுவென்று எழுந்து எனக்கே வண்டி தெரியவில்லை. பனி வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னையே பார்த்தார். ஏதோ கேட்டார். நான் "குட் மார்னிங்" என்று வணக்கம் சொன்னேன். பின்பக்கத்துக்கு வருவதற்குள் விரல் மரத்துவிட்டது. அங்கே வெறுமனே துணியால் துடைத்துவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் பழத்தை வைத்தேன். சந்தனம் பூசப் போனேன். விரல் வழுக்கியது. வண்டி முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போலப் பளபளத்தது. நல்ல சுத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாப்பிள்ளை வெளியே வந்து கதவை இழுத்தார். வரவில்லை. அடுத்த கதவு. அதுவும் வரவில்லை. தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"மாமா... தண்ணியா ஊத்தினீங்க?"

"வெந்நீர் மாப்ள."

அவர் நல்ல பிள்ளை. வானத்தைப் பார்த்தார். பத்மாதான் கத்தினாள். "அப்பா! மைனஸ் முப்பதுல யாராவது காரைக் குளிப்பாட்டுவாங்களா? பக்கத்து வீட்டுத் தாத்தா என்ன கேட்டாருன்னு தெரியுமா? 'உங்க அப்பாவுக்கு இது பண்டிகையா, இல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா'ன்னு கேக்குறாரு!"

நாலு கதவும் பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மணி ஏழைத் தாண்டிவிட்டது. அலமேலு பட்டுப்புடவைக்கு மேல் மகளின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லைங்க" என்றாள், மெதுவாக. சந்நிதியில் நின்ற நேரம் எனக்குக் கண்முன் வந்தது. 'பெருமாளே, உன் வேலையாகத்தானே செய்தேன்' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பின்கதவு!" என்றார் மாப்பிள்ளை திடீரென்று. நான் தண்ணீர் ஊற்றாத ஒரே கதவு அதுதான். திறந்தது! அவர் அதன் வழியாகப் புகுந்து, பின் இருக்கைகளை மடக்கிப் போட்டு, தவழ்ந்து போய் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். பத்மாவும் பின்னாலேயே தவழ்ந்தாள். அலமேலு திரும்பி நின்று, கூண்டு வண்டியில் ஏறுவது போல விளிம்பில் உட்கார்ந்து காலை மேலே இழுத்துக்கொண்டாள். ஒரு தள்ளும் தேவைப்படவில்லை. நானும் ஏறினேன். இருவரும் பின்பக்கம் பார்த்தபடி மூட்டை மாதிரி உட்கார்ந்தோம்.

"போலீஸ் பார்த்தா அவ்வளவுதான்" என்றாள் பத்மா.

வண்டி உறுமியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கவில்லை. கல்லாகியிருந்தன. ஒன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் "டங்" என்று அடித்தது. பெரியவர் மண்வெட்டியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

பாய் வைத்த கட்டைக்கு நான் ஆயுசு முழுக்க நன்றி சொல்லுவேன். அன்று எங்களைச் சிறை பிடித்த அதே மாதிரி பனிமேடுகள் வந்தன. வண்டி ஒவ்வொன்றையும் தாண்டிக்கொண்டு போனது. பெரிய டயர் பனியைக் கடித்துக் கடித்து இழுத்தது. இரண்டு பெரிய கார்கள் ஓரமாகச் சிக்கி நின்றன. மாப்பிள்ளை அவற்றைக் கடக்கும்போது கொஞ்சம் மெதுவாகவே கடந்தார்.

கோயில் என்பது ஒரு பழைய கிடங்கு. கோபுரம் கிடையாது. முன்பக்கம் முழுக்க வண்டிகள், இடமே இல்லை. எட்டாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"பின்பக்கமா போய் நிறுத்துறேன். அங்க ஒரு கதவு இருக்கு, அத்தை நேரா உள்ள போயிடலாம்" என்றார் மாப்பிள்ளை. அவர் கோயிலுக்குப் பிரசாதம் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வருகிறவர். எனக்கு அதுவரை அது தெரியாது.

பின்பக்கம் யாரும் பனி வாரவில்லை. முழங்கால் ஆழம். மற்ற எந்த வண்டியும் நுழைய முடியாத அந்த இடத்தில் எங்கள் வண்டி நுழைந்து, திரும்பி, பின்பக்கமாகவே அந்தக் கதவு வரை போய் நின்றது. மாப்பிள்ளை பொத்தானை அமுக்க, பின்கதவு மேலே எழுந்தது. அலமேலு இறங்குவதற்காகக் காலைத் தொங்கப் போட்டாள்.

அப்போது "ஙீ..." என்று ஒரு அபாய மணி அலறியது. கதவு இரண்டாகத் திறந்தது. கற்பூர வெளிச்சம். துளசி வாசனை. "கோவிந்தா! கோவிந்தா!" என்று நூறு குரல்.

அது வடக்கு வாசல். நெருப்புப் பிடித்தால் வெளியே ஓடுவதற்கென்று வைத்த கதவைத்தான் இவர்கள் சொர்க்கவாசலாக வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் மணி தானாக அலறும். சொர்க்கவாசலை நாங்கள் வண்டியால் அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம்.

நாலு பேர் தோளில் பெருமாள். வண்டிக்குள் அலமேலு. உயர்த்தின வண்டி, உயர்த்தின பல்லக்கு. இருவர் முகமும் ஒரே மட்டத்தில். நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. ஊரில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எக்கி எக்கிக் கிரீடத்தின் நுனியை மட்டும் பார்ப்பவள், கைகூப்பக்கூட மறந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பட்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "என்னப்பா இது! வாகனத்தை எடுங்கோ! பெருமாள் நிக்கிறார்!" என்று கத்தினார்.

மாப்பிள்ளை பதறி வண்டியை மெல்ல முன்னால் எடுத்தார். பெருமாள் வெளியே வந்தார். வந்தவர் நின்றார். பனியில் எங்கே கால் வைப்பது? எங்கள் டயர் அழுத்தின இரண்டு தடங்கள் மட்டும் கெட்டியாக, பாதை போலக் கிடந்தன. பல்லக்குத் தூக்கினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, இந்தத் தடத்தில் இரண்டு பேர், அந்தத் தடத்தில் இரண்டு பேராக இறங்கினார்கள்.

"அப்படியே போங்கோ தம்பி! நிப்பாட்டாதேங்கோ! கட்டிடத்தைச் சுத்திப் போங்கோ!" என்றார் பட்டர்.

மாப்பிள்ளை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பின்னால் பெருமாள் எங்கள் தடத்திலேயே வந்தார். அலமேலு பின்கதவில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தபடியே சுற்றி வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணீர் இமையிலேயே உறைந்து, ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. இன்னொரு கண்ணால் சேவித்தேன்.

முன்வாசலுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க, பெருமாளைப் பார்த்தாச்சு. ஆனா நான் வாசல் வழியா வரலையே. இது கணக்குல சேராது." உடனே இறக்கிவிட்டோம். முன்பக்கமாக உள்ளே போய், வரிசையில் நின்று, வடக்குக் கதவு வழியாக, மகளின் கம்பளிக் காலுறையோடு, நிமிர்ந்து நடந்து பனியில் இறங்கினாள். நான் எதிரே நின்று அவள் நிலைப்படியைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்தேன். என் வாக்கு நிறைவேறியது. அபாய மணி இன்னும் அலறிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்தத் தெரிந்தவர் அன்று ஊரில் இல்லையாம்.

உள்ளே குஜராத்திப் பெண்கள் விரதக்காரர்களுக்கு ஜவ்வரிசியில் உப்புமா மாதிரி ஒன்று கொடுத்தார்கள். மாப்பிள்ளை மூன்று தட்டு வாங்கினார். பட்டர் அவர் முதுகைத் தட்டி, கிருஷ்ண ஜெயந்திக்கும் வாகனத்தோடு வரச் சொன்னார். "ஆவணியில ஏது சாமி பனி?" என்று கேட்டுவிட்டு நாலாவது தட்டு வாங்கப் போனார் மாப்பிள்ளை.

கிளம்பும்போது, ஹீட்டர் ஓடின சூட்டில் வண்டிக் கதவுகள் இளகியிருந்தன. பத்மா பின் இருக்கையை நிமிர்த்தி, கதவைத் திறந்து, "ஏறும்மா, அப்பா தள்ளுவாரு" என்றாள்.

அலமேலு திறந்த கதவைப் பார்த்தாள். கோயிலைப் பார்த்தாள். "பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எப்படிடி போறது?" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், பழையபடி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஊரில் சந்நிதியிலிருந்து பின்னாலேயே நடந்து வெளியே வருவோம். வண்டியிலும் அப்படி வர வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

பத்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை நிதானமாக ஓட்டினார். பின்கண்ணாடி வழியாகக் கோயில் சின்னதாகிக்கொண்டே போனது. அலமேலு கூப்பின கையை இறக்கவில்லை. கடைசியில் ஒரு தானியக் கிடங்கு குறுக்கே வந்து அதை மறைத்தது. அவள் கையை இறக்கி, என் தோளைத் தட்டினாள்.

"போதும், நிறுத்தச் சொல்லுங்க. முன்னாடி போய் உக்காருவோம். மேல தலை முட்டுது."